திரையில் தெரிவது படகா, அலையா?

மலேசியாவின் நிபோங் திபால் வட்டாரத்துப் பைராம் தோட்டத்துக்கு மேற்கே மலாக்கா நீரிணை. எண்ணெய்க் கப்பலுக்கும் மீனவர் சம்பானுக்கும் அங்கே ஒரே தண்ணீர்தான். இருட்டிலும் மழையிலும் இரண்டையும் பார்ப்பது ரேடார்.

பார்ப்பது என்றால், எதிரொலியைப் பார்ப்பது. கப்பல்களில் பரவலாக உள்ள ரேடாரின் அலைநீளம் சுமார் 3 சென்டிமீட்டர். இரும்புத் தகடுகள் செங்கோணமாகக் கூடும் மூலைகள் அந்த அலையை வந்த வழியே திருப்பிவிடும். திரையில் பளிச்சென்று ஒரு புள்ளி. மரப்படகுக்கும் கண்ணாடியிழைப் படகுக்கும் அந்தப் பலம் கிடையாது. கடல் சற்றுக் கொந்தளித்தாலே அலைமுகடுகளின் எதிரொலிக்குள் அவை தொலைந்துபோகும். ரேடார் சுழலும் ஒரு சுற்றில் தோன்றி மறுசுற்றில் மறைந்தால் பெரும்பாலும் அலை. சுற்றுக்குச் சுற்று ஒரே திசையில் நகர்ந்தால் படகு. கம்பத்தில் ஓர் உலோக எதிரொலிப்பானைக் கட்டிவிட்டால் சம்பானும் பெரிய ஆளாகிவிடும்!

செயற்கைக்கோள் ரேடார் படத்தில் வேறொரு வேடிக்கை. ஓடும் கப்பல், தான் கிழித்த நீர்த்தடத்தை விட்டுத் தள்ளி நிற்கும். அந்த இடைவெளியிலிருந்தே அதன் வேகத்தைக் கணக்கிடலாம்.

அதே படத்தில் எண்ணெய்ப் படலம், சிற்றலைகளை அடக்குவதால் கறுப்பாக விழும். 2017 ஜனவரி 28 அன்று சென்னைக்கு வடக்கே எண்ணூரருகே இரு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. ஐரோப்பாவின் சென்டினல்-1 ரேடார் படங்களில் அது கறையாகத் தெரிந்தது. கரையிலோ ஆட்கள் வாளிகளால் அள்ளிக்கொண்டிருந்தார்கள்.

காற்று ஓய்ந்த கடலும் இதே கறுப்புதான். அதனால் கறையைக் கண்டதும், அந்த நேரத்துக் காற்றின் வேகத்தைத் தேடுகிறார்கள்.