உயிரின் சில்லறைக் காசு

நாம் உண்ணும் அன்னம் சரீரத்துக்குச் சக்தி தருகிறது என்பது சிறு குழந்தைக்கும் தெரிந்த விஷயம். ஆனால் அந்தச் சக்தி அன்னத்திலிருந்து கை கால்களுக்கு எவ்விதம் வந்து சேருகிறது என்று கேட்டால், பெரியவர்களும் சற்றுத் திகைத்துத்தான் நிற்பார்கள்.

ஒரு பிடி சர்க்கரையை எரியும் அடுப்பில் போட்டால் அது குப்பென்று பற்றி எரிகிறது. உஷ்ணமெல்லாம் காற்றோடு போய்விடுகிறது. அதே சர்க்கரை நம் உடம்பிலும் பிராணவாயுவுடன் கூடிக் கரியமில வாயுவாகவும் நீராகவும் மாறுகிறது. சுவாசமும் ஒருவகை எரிதலே என்பதைப் பிரெஞ்சு விஞ்ஞானி லவாய்ஸியர் 18-ஆம் நூற்றாண்டிலேயே எடுத்துக் காட்டினார். எனினும் நம் உடம்பு தீப்பற்றிக் கொள்வதில்லையே! 37 டிகிரி சென்டிகிரேட் சூட்டில் எல்லாம் அமைதியாக நடந்தேறுகிறது. இதன் ரகசியம் என்ன?

பெரிய நோட்டு ஒன்றை நீட்டிக் கறிவேப்பிலை கேட்பவரின் சங்கடத்தை நினைத்துப் பாருங்கள். முதலில் நோட்டை மாற்றியாக வேண்டும். உயிரணுவும் அவ்வாறே செய்கிறது. சர்க்கரையைப் படிப்படியாகச் சிதைத்து, வெளிப்படும் சக்தியில் ஒரு பங்கைச் சில்லறைக் காசுகளாக்கிக் கொள்கிறது. அக்காசின் பெயர் அடினோஸின் டிரைபாஸ்பேட், சுருக்கமாக ஏ.டி.பி. என்பர். மூன்று பாஸ்பேட்டுகள் அதில் வரிசையாகக் கோத்திருக்கின்றன. கடைசி ஒன்று கழலும்போது சக்தி கிடைக்கிறது, தசை சுருங்குகிறது. கழன்றதை மீண்டும் பூட்டுவதற்கே நாம் உண்பதும் சுவாசிப்பதும். குளுகோஸின் ஒரு மூலக்கூறு சுமார் 30 காசுகளுக்கு ஈடாகும்.

ஒரு சமயத்தில் நம்மிடம் உள்ள ஏ.டி.பி. மிகச் சொற்பம். ஆனால் அதுவே ஓயாமல் செலவாகிப் புதுப்பிக்கப்படுவதால், ஒரு நாளில் புழங்குவதைக் கூட்டினால் ஏறக்குறைய நம் உடலின் எடைக்கே வந்துவிடும். புழக்கம் நின்றால்? மரணத்துக்குப் பின் சில மணி நேரத்தில் உடல் விறைத்துப் போகிறதல்லவா? தசையின் பிடியைத் தளர்த்தவும் இக்காசு வேண்டும். கையிருப்போ தீர்ந்து போயிற்று.

இதைக் கண்டறிந்தவர்களுள் ஒருவர் சென்னையில் வைத்தியம் கற்றவர் என்பது பலர் அறியாத செய்தி. எல்லாப்ரகட சுப்பாராவ் 1895-ல், அந்நாளைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமாவரத்தில் பிறந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுச் சென்னை மருத்துவக் கல்லூரியில் கதராடை உடுத்தினார். அதனால் ஆங்கிலேயப் பேராசிரியரின் அதிருப்திக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். பட்டத்துக்குப் பதிலாக அதனினும் தாழ்ந்த எல்.எம்.எஸ். பட்டமே பெற்றார். பின்னர் அமெரிக்கா சென்று ஹார்வர்டு சர்வகலாசாலையில் சேர்ந்தார். அங்கே ஸைரஸ் பிஸ்கேயுடன் சேர்ந்து 1927-ல் தசையிலுள்ள பாஸ்போகிரியேட்டினைக் கண்டறிந்தார். ஓடத் தொடங்கிய முதல் சில விநாடிகளில் ஏ.டி.பி.யை ஈடுகட்டும் அவசரச் சேமிப்பு அது. லாக்டிக் அமிலமே தசைக்கு விசை தருகிறது என்ற அக்காலக் கொள்கை இதனால் ஆட்டங்கண்டது. 1929-ல் ஏ.டி.பி.யும் வெளிப்பட்டது. ஜெர்மனியில் கார்ல் லோமனும் அதே ஆண்டில் தனியாக அதைக் கண்டறிந்தார்.

பிற்காலத்தில் லெடர்லி ஆராய்ச்சிக் கூடத்தில் யானைக்கால் நோய்க்கு மருந்து கண்ட குழுவுக்கும் சுப்பாராவே தலைவர். 1948-ல், 53-ஆம் வயதில் காலமானார். நோபல் பரிசு அவரை நாடி வரவில்லை.

ஏ.டி.பி. என்ற மூன்றெழுத்தை மாணவர்கள் இன்று மனப்பாடம் செய்கிறார்கள். அவர்கள் பாடம் ஒப்பிக்கும்போது, அந்தக் கதராடைக்காரரின் பெயரையும் பெற்றோர் ஒரு முறை சொல்லி வைக்கலாம்.