ஊருக்கு வராத ஊர்க்காரர்கள்

பால்டிக் கடலோரத்து எஸ்டோனியாவின் மக்கள்தொகை சுமார் 13 லட்சம்தான். 1991இல் சோவியத் ஒன்றியத்திலிருந்து விடுதலை பெற்றபோது கையில் பெரிய காசில்லை. ஆனாலும் 1996இல் ‘புலிப் பாய்ச்சல்’ என்று பெயர் சூட்டி, பள்ளிக்கூடங்களுக்குக் கணினியையும் இணையத்தையும் கொண்டுபோனார்கள். 2005 உள்ளாட்சித் தேர்தலில் இணையம் வழியாகவும் வாக்களிக்க வழி செய்தார்கள்.

சரி, உள்ளூர்ச் சந்தை சிறியதாயிற்றே, தொழில் எப்படிப் பெருகும்? அதற்குத்தான் 2014 டிசம்பரில் ‘இ-ரெசிடென்சி’ வந்தது. வெளிநாட்டவர் விண்ணப்பித்து, மின்னணு அடையாள அட்டை பெறலாம். அதைக் கொண்டு அங்கே நிறுவனம் பதிவு செய்யலாம், ஆவணங்களில் மின்கையொப்பம் இடலாம். குடியுரிமையோ விசாவோ கிடைக்காது; அதைக் குறித்துக்கொள்ளுங்கள்! இதுவரை 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்திருக்கிறார்கள்.

எல்லாமே கணினியில் என்றால் ஆபத்தும் உண்டு. 2007இல் நடந்த இணையத் தாக்குதலில் அரசு, வங்கி, நாளிதழ்த் தளங்கள் தடுமாறின. இப்போது முக்கியப் பதிவேடுகளின் நகல்கள் லக்ஸம்பர்க்கில் உள்ள ஒரு தரவு மையத்தில் இருக்கின்றன. அங்கே எஸ்டோனியாவின் சர்வர்களுக்குத் தூதரகத்துக்கு நிகரான சட்டப் பாதுகாப்பு!