கணினி நின்றால் கலங்குவதா?

அம்பத்தூர் தொழிற்பேட்டையிலே லேத்தோடு போராடும் தோழரின் மகள், குடும்பத்தின் முதல் பட்டதாரி, அமெரிக்கச் செவிலியர் உரிமத் தேர்வான என்கிளெக்ஸ் எழுதப் போகிறாள். வீட்டில் என்ன காட்சி? தாய் மஞ்சள் துணியில் காசு முடிகிறாள், தந்தை இராகுகாலம் பார்க்கிறார், மகளுக்கோ உறக்கமில்லை!

இராகுவுக்கும் தேர்வுக்கும் என்ன உறவு, தோழரே? தேர்வு நடக்கும் விதத்தை அறிந்தால் பாதி அச்சம் பறந்துவிடும். சரியாக விடை தந்தால் அடுத்து கடினமான கேள்வியைக் கணினி தொடுக்கும். தவறினால் எளிதான கேள்வி வரும். ஆகவே ஏறத்தாழப் பாதிக் கேள்விகள் தவறிப்போகும், வென்றவருக்கும் அப்படித்தான்! 2023 ஏப்ரல் முதல் குறைந்தது 85, மிகுந்தால் 150 கேள்விகள். 5 மணி நேரம். தேர்ச்சியோ தோல்வியோ, 95 விழுக்காடு உறுதியானதும் எந்திரம் தானே நிற்கும். 85-இல் நின்றதா? அது தோல்வி முத்திரையல்ல. நன்றாக எழுதியவருக்கும் அங்கே நிற்கும்.

தவறினாலும் 45 நாள் கழித்து மீண்டும் எழுதலாம். கட்டணம்? 200 டாலர், அமெரிக்காவுக்கு வெளியே எழுதினால் மேலும் 150. தொழிலாளிக்கு அது சிறு தொகையா? அல்லவே! ஆனால் அந்தக் கணக்கை மகள் காதில் நாள்தோறும் ஓதாதீர். முந்தைய இரவு தொலைக்காட்சியை அணையுங்கள்; அவள் தூங்கட்டும். மஞ்சள் துணியை அவிழ்த்து, அந்தக் காசை மாதிரித் தேர்வுக்குக் கட்டுங்கள்.