கையோடு கொண்டுபோக ஒரு போர்வை

1990 இல் தீவகத்தையும் 1995 ஒக்டோபரில் வலிகாமத்தையும் விட்டு வெளியேறிய பெண்களுக்குப் போர்வையின் பாரம் தெரியும். பிள்ளையைத் தூக்கியவளால் கம்பளியையும் சுமக்க முடியாது. யுத்தம் 2009 இல் முடிந்தாலும், 2008 இல் நிஷா, 2025 இல் டித்வா எனப் புயல்கள் எம்மை எழுப்பவே செய்கின்றன.

மேலைநாட்டு மலையேறிகள் வாத்தின் மென்தூவி அடைத்த, அரைக் கிலோ அளவான போர்வையைக் கொண்டுசெல்கிறார்கள். தூவிகளுக்கிடையே தங்கும் காற்றே உடற்சூட்டைக் காக்கிறது. ஆனால் நனைந்தால் தூவி கட்டிபட்டுவிடும், இலகுவில் காயாது. விலையும் அதிகம். மாரிமழையும் கடற்காற்றும் உள்ள புளியங்கூடலுக்கு அது உதவாது.

அந்த முறை மட்டும் எமக்கு உதவும். வங்காளப் பெண்கள் பழைய சேலைகளை அடுக்கிக் 'காந்தா' தைக்கிறார்கள். நீங்களும் ஒரு பழைய நூற்சேலையை மூன்றாக மடித்து, இடைவெளி விட்டு நூலோடுங்கள். அடுக்குகளுக்கிடையே காற்றுத் தங்கும். பாரமும் ஏறத்தாழ அரைக் கிலோதான். நனைந்தாலும் பிழிந்து வெயிலில் காயவிடலாம்.

நிலக்குளிர் கீழிருந்து ஏறும். ஆகையால் ஒரு பாயும் அவசியம். போர்வையை நன்றாகக் காயவைத்துப் பொலித்தீன் பையில் கட்டி, அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ்களோடு ஒரே இடத்தில் வையுங்கள். பூஞ்சணம் பிடிக்காமலிருக்க மாதம் ஒருமுறை வெயில் காட்டுங்கள். கார்த்திகை பிறக்குமுன் இதைத் தைத்து முடித்துவிடுவது நல்லது.