மழைக்குட்டையில் பிறந்து ஆப்பிரிக்கா வரை பறக்கும் தட்டான்: அடையாளம் காண்பது எப்படி?

மழைக்காலத்தில் குயிலாப்பாளையம் செம்மண் வெளியிலும் மரக்காணம் உப்பளம் பக்கமும் தட்டான்கள் கூட்டமாகப் பறப்பதைப் பார்த்திருப்பீங்க. 'தட்டான் தாழப் பறந்தா மழை'ன்னு சொல்லிட்டுப் போயிடுவோம். ஆனால், அவற்றில் ஓர் இனம் இந்தியப் பெருங்கடலையே தாண்டக்கூடியது. அதன் பெயர் பாண்டலா ஃபிளாவெசென்ஸ்.

எங்கே போகுது?

ஆறே இல்லாத மாலத்தீவில் ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் இத்தனை தட்டான்கள் எப்படி வருகின்றன? அங்கு வாழ்ந்த கடல் உயிரியலாளர் சார்லஸ் ஆண்டர்சன் 2009-ல் விடை சொன்னார்: இவை இந்தியாவிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்காவுக்குப் போகின்றன. 1,000 மீட்டருக்கு மேல் வீசும் காற்றுதான் இவற்றுக்கு லிஃப்ட். போக, வர 14,000 முதல் 18,000 கி.மீ. ஒரே தட்டான் அல்ல, நான்கு தலைமுறைகள் சேர்ந்து முடிக்கும் பயணம் இது.

பிறந்த இடத்துத் தண்ணீரின் தடயம் சிறகில் பதிந்திருக்கும். அதை வைத்து 2012-ல் நடந்த ஆய்வு, மாலத்தீவு வழியே போகிறவை இந்தியத் துணைக்கண்டத்தின் வடபகுதியிலிருந்து வருவதாகக் காட்டியது.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* நீளம் சுமார் 4.5 செ.மீ. உடல் மஞ்சள் கலந்த ஆரஞ்சு.
* பின்சிறகின் அடிப்பகுதி அகலமாக இருக்கும்.
* உட்காராமல் நெடுநேரம் சுற்றும். உட்கார்ந்தால் குச்சியில் செங்குத்தாகத் தொங்கும்.
* சிறகை மடக்கி உட்கார்ந்தால் அது பெரும்பாலும் ஊசித்தட்டான்.

ஆறா, குட்டையா?

ஓடும் சுத்தமான நீர் இல்லாமல் பல தட்டான் இனங்களின் குஞ்சுகள் பிழைக்காது. அதனால்தான் தென்னாப்பிரிக்காவில் ஒவ்வோர் இனத்துக்கும் 0 முதல் 9 வரை மதிப்பெண் கொடுத்து, எந்த இனம் பறக்கிறது என்பதை வைத்தே ஆற்றின் நலத்தை மதிப்பிடுகிறார்கள்.

பாண்டலாவுக்கு ஆறு வேண்டாம், மழைக்குட்டை போதும். முட்டையிலிருந்து சிறகு முளைக்க 38 முதல் 65 நாட்கள். அந்த நாட்களில் குஞ்சுகள் கொசுப்புழுக்களையும் தின்னும்.

நமக்கு என்ன?

பக்கத்திலுள்ள கழுவெளி 2021-ல் பறவைகள் சரணாலயம் ஆனது. 2024-ல் ராம்சர் பட்டியலிலும் இடம்பிடித்தது. சாலையோரக் குட்டைக்கு அப்படி எந்தப் பட்டமும் கிடையாது. மனை போட ஒரு லோடு மண் கொட்டினாலே கதை முடிந்தது. குட்டைக்குப் பதிலாக, பளபளக்கும் கார் மேல் தண்ணீர்னு நினைச்சு தட்டான் முட்டையிட்டால் அது வீண்தான்.

அடுத்த மழைக்குத் தேங்கும் குட்டையை உடனே மூடச் சொல்லாதீங்க. ஆறேழு வாரம் விட்டுவைத்தால் அதிலிருந்து ஒரு தலைமுறையே கிளம்பும்.