இல்லங் காக்கும் விழியும் அதனைக் காட்டும் பலகணியும்

இல்லத்தைக் காத்தல் மக்கள் யாவர்க்கும் இயல்பாக அமைந்த கடமையாகும். மதிலும் படலையும் நாயும் அயலவரும் நம் ஊர்களில் நெடுங்காலமாக இக்கடமையைச் செய்து வந்தமை யாவரும் அறிந்ததே. இந்நாளில் அவற்றோடு கமராவும் சேர்ந்துள்ளது. நம் கல்லூரிகளிற் பயின்றோர் பலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழ, அவர்தம் பெற்றோர் ஊரிலுள்ள பழைய வீடுகளில் தனித்திருக்கின்றனர். விறாந்தையிற் பொருத்திய சிறு கமரா, கடலுக்கு அப்பாலுள்ள மகனுக்கு முற்றத்தைக் காட்டும் என்ற நம்பிக்கையிலேயே அதற்குப் பணஞ் செலவிடப்படுகின்றது. ஆயினும் கமரா பழுதின்றி இயங்கிக்கொண்டிருக்க, பார்ப்பவர் கணினியிற் கரிய கட்டமொன்று மாத்திரந் தோன்றும் நிலை பலருக்கு நேர்கின்றது. இதன் காரணம் யாது, தவிர்க்கும் வழி யாது என்பவற்றை இங்கு சுருங்க எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

கமராவால் வீட்டைக் காக்கலாம் என்னும் எண்ணம் புதியதன்று. நியூயோர்க் நகரின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த தாதியாகிய மேரி வான் பிரிட்டன் பிரவுண் என்னும் அம்மையார், தம் கணவருடன் சேர்ந்து 1966 ஆம் ஆண்டில் இத்தகைய அமைப்பொன்றிற்குக் காப்புரிமை கோரி, 1969 டிசெம்பரில் அதனைப் பெற்றார். கதவிலே ஒன்றன்மேல் ஒன்றாகத் துளைகள்; அவற்றினூடே நோக்குங் கமரா; அறையினுள்ளே படங் காட்டும் பெட்டி; வாயிலில் நிற்பவருடன் உரையாட ஓர் ஒலிவாங்கி. இவையே அதன் உறுப்புக்கள். நோக்குங் கருவியும் காட்டுங் கருவியும் ஒன்றற்கொன்று பொருந்துமாறு ஒருவரே அமைத்தமையால், அங்கே பொருத்தம் பற்றிய கேள்விக்கே இடமில்லை.

கணினி வலையமைப்புக்கள் தோன்றிய பின்னர் இந்நிலை மாறிற்று. கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்துக் கணினி ஆய்வுகூடத்தார், பாத்திரத்திற் கோப்பி உண்டோ இல்லையோ என்பதை இருந்த இடத்திலிருந்தே அறிதற்பொருட்டு 1991 இல் ஒரு கமராவை அதன் எதிரே நிறுத்தினர். 1993 இல் அப்படம் இணையத்தில் வைக்கப்பட்டது. 2001 இல் அக்கமரா நிறுத்தப்பட்டது. 128 புள்ளி அகலமும் 128 புள்ளி உயரமுமுடைய அந்தச் சாம்பல்நிறப் படம் அசையாப் படம். ஆதலின் படங் காட்டவல்ல உலாவி எதிலும் அதனைக் காண முடிந்தது. 1996 இல் சுவீடன் நாட்டு அக்சிஸ் நிறுவனம் வலையமைப்போடு நேரே இணையுங் கமராவை விற்பனைக்குக் கொணர்ந்தது. எல்லாக் கணினிகளிலும் உள்ள உலாவியையே பலகணியாகக் கொள்ளலாம் என்னும் எண்ணம் இங்ஙனம் வேரூன்றிற்று.

அசையும் படத்தை அனுப்பத் தலைப்பட்டபோதே தொல்லை தொடங்கிற்று. 1920 புள்ளி அகலமும் 1080 புள்ளி உயரமுங் கொண்ட வண்ணப்படங்களை வினாடிக்கு 25 ஆகச் சுருக்காமல் அனுப்பின், வினாடியொன்றிற்கு ஏறத்தாழ 124 கோடி பிட்டுக்கள் செல்லவேண்டும். வீட்டிணைப்புக்கள் இதனைத் தாங்கா. எனவே கமராவினுள் இருக்கும் சிறு கணினி, படத்தைச் சுருக்கி, வினாடிக்குச் சில மெகாபிட்டு அளவினதாக்குகின்றது. சுருக்கும் முறைகளுள் 2003 இல் வகுக்கப்பட்ட எச்.264 என்பதும், 2013 இல் வகுக்கப்பட்ட எச்.265 என்பதும் பெருவழக்குடையன. சுருக்கிய படத்தை எடுத்துச்செல்லும் ஒழுங்குமுறை ஆர்.டி.எஸ்.பி எனப்படும், அது 1998 இல் வகுக்கப்பட்டது. வி.எல்.சி போன்ற படங்காட்டும் நிரல்கள் இவ்வொழுங்கை அறியும். உலாவிகளோ அதனை நேரே அறியமாட்டா.

இக்குறையை நிரப்புதற்குக் கமரா நிறுவனங்கள் ‘பிளக்-இன்’ எனப்படும் செருகுநிரல்களை நாடின. உலாவியோடு ஒட்டிக்கொண்டு, அது செய்ய இயலாத வேலையைச் செய்து முடிக்கும் துணைநிரலே செருகுநிரலாகும். அவற்றுட் பல, மைக்ரோசொப்ற் நிறுவனத்தின் அக்டிவ் எக்ஸ் முறையில் ஆக்கப்பட்டன. அம்முறை விண்டோஸ் இயங்குதளத்திலே, இன்ரர்நெற் எக்ஸ்புளோரர் என்னும் உலாவியிலே மாத்திரம் பயன்பட்டது. பிற உலாவிகளுக்கென என்.பி.ஏ.பி.ஐ என்னும் வேறொரு முறை இருந்தது. ஆகவே ஒரு கமராவை வாங்கியவர், தாம் அறியாமலே ஓர் உலாவிக்கும் ஓர் இயங்குதளத்திற்கும் கட்டுப்பட்டவராயினர்.

செருகுநிரலுக்குப் பெரிதும் இடங்கொடுத்தமையே உலாவிகளின் பாதுகாப்புக் குறைபாடுகள் பலவற்றிற்குக் காரணமாயிற்று. அந்நிரல் உலாவியின் காவலுக்கு உட்படாமற் கணினியின் கோப்புக்களையே தொடவல்லது. ஆதலால் உலாவி ஆக்குவோர் அவ்வழியை ஒவ்வொருவராக அடைத்தனர். குரோம் 2015 செப்டெம்பரிலும், பயர்பொக்ஸ் 2017 மார்ச்சிலும், அப்பிள் நிறுவனத்தின் சபாரி 2018 இலும் பழைய செருகுநிரல்களைக் கைவிட்டன. பிளாஷ் 2020 டிசெம்பர் 31 உடன் முடிவுற்றது. இன்ரர்நெற் எக்ஸ்புளோரர் 2022 யூன் 15 இல் ஓய்வு பெற்றது. இவ்வாறு ஏழாண்டுகளுள், பல்லாயிரம் வீடுகளிலுள்ள பழைய கமராக்களின் பலகணிகள் வெளியே இருந்து மூடப்பட்டன. கமராக்களில் எவ்வகை மாற்றமும் நிகழவில்லை.

இந்நோயின் குறிகளை அறிந்திருத்தல் நன்று. கமராவின் முகப்புப் பக்கம் திறக்கும், கடவுச்சொல் ஏற்கப்படும், நேரம், பெயர் முதலிய அமைப்புக்களும் தோன்றும், படம் வரவேண்டிய இடம் மாத்திரம் வெறுமையாயிருக்கும். அன்றேல் செருகுநிரலை நிறுவுமாறு ஒரு குறிப்புத் தோன்றும். நிறுவிய பின்னரும் அதே குறிப்பு மீண்டும் வரும். இக்குறிகளைக் கண்டால் கமராவைக் கழற்றி எறிதல் வேண்டா. வி.எல்.சி நிரலிலே அதன் ஆர்.டி.எஸ்.பி முகவரியை இட்டுப் பார்க்க. படந் தெரியுமாயின் விழி நலமாயுள்ளது, பலகணியே அடைபட்டது என்பது தெளிவாகும்.

இவ்விடத்திற் பலர் கூறும் யோசனை, பழைய கணினியொன்றையும் பழைய உலாவியையும் இதற்கெனவே வைத்திருத்தல் என்பதாம். இதனை நாம் ஒப்புக்கொள்ளோம். விண்டோஸ் 10 இற்கான பொது ஆதரவே 2025 ஒக்டோபர் 14 இல் முடிவுற்றது. அதற்கு முந்தியவற்றின் நிலையைக் கூறவேண்டியதில்லை. திருத்தங் கிடையாத கணினியை இணையத்தில் வைத்தல், திண்ணையைக் காக்கும்பொருட்டு அடுக்களைக் கதவைத் திறந்து வைத்தலை ஒக்கும். பழைய கருவியின் அமைப்பை மாற்றியே ஆகவேண்டுமெனின், மைக்ரோசொப்ற் எட்ஜ் உலாவியிலுள்ள ‘ஐ.இ. முறை’ உதவக்கூடும், 2029 வரையிலேனும் அதனைப் பேணுவதாக அந்நிறுவனம் அறிவித்துள்ளது. அதனை வீட்டு வலையமைப்பினுள்ளே, அவ்வொரு வேலைக்கு மாத்திரம் பயன்படுத்துக.

கமராவே திருடர்க்கு வாயிலாதலும் உண்டு. 2016 இல் மிராய் என்னும் தீநிரல், ஆலையிலிட்ட கடவுச்சொற்கள் மாற்றப்படாதிருந்த கமராக்களையும் படப்பதிவுக் கருவிகளையும் பெருந்தொகையாகக் கைப்பற்றிற்று. அதற்கு வேண்டியிருந்தவை அறுபதளவான பெயர், கடவுச்சொல் இணைகளே. அவ்வாண்டு ஒக்டோபர் 21 இல், அங்ஙனங் கைப்பற்றிய கருவிகளின் துணையோடு டைன் என்னும் நிறுவனத்தின் மீது நடத்திய தாக்குதலால், அமெரிக்காவிற் பெயர்பெற்ற இணையத்தளங்கள் பல மணிக்கணக்கிற் கிட்டாதிருந்தன. தம் வீட்டுச் சுவரிலிருந்த கமராவும் அத்தாக்குதலிற் பங்குகொண்டதென்பதை உரிமையாளர் பலர் அறிந்திரார்.

இனி, வாங்கு முன் ஆராய வேண்டியவற்றைக் கூறுவோம். முதலாவது, காண்போர் எவர், எக்கருவியிற் காண்பர் என்பதை எழுதிக்கொள்க. ஒருவர் அப்பிள் கணினியிலும், மற்றொருவர் அன்ரொயிட் கைத்தொலைபேசியிலும், வேறொருவர் விண்டோஸ் கணினியிலும் காண விரும்பக்கூடும். இரண்டாவது, செருகுநிரலின்றியே இந்நாளைய குரோம், பயர்பொக்ஸ், சபாரி, எட்ஜ் ஆகிய உலாவிகளிற் படந் தெரியுமா என விற்பவரிடம் வினாவி, இயலுமாயின் கடையிலேயே காட்டச் செய்க. மூன்றாவது, ஒன்விவ் என்னும் பொதுநியமத்திற்கு அக்கமரா இணங்குமா என்று பார்க்க. அக்சிஸ், பொஷ், சொனி ஆகிய மூன்று நிறுவனங்கள் 2008 இல் தொடங்கிய இந்நியமத்தால், ஒரு நிறுவனத்தின் கமராவை மற்றொரு நிறுவனத்தின் பதிவுக் கருவியோடு சேர்க்க இயலும். நான்காவது, கருவியின் உள்நிரலுக்குத் திருத்தங்கள் தொடர்ந்து வெளிவருகின்றனவா என்பதை அறிக. விலை மலிந்த கமரா, திருத்தம் நின்ற நாளிலிருந்து விலை மிகுந்ததாகிவிடும்.

பொருத்தும் முறையும் ஒழுங்குபட அமைதல் வேண்டும். முதற்கண் கமராவைக் கம்பி மூலம் ரவுட்டரோடு இணைத்து, கடவுச்சொல்லை மாற்றி, உள்நிரலைப் புதுப்பித்து, நேரத்தை இலங்கை நேரத்திற்குச் சரிப்படுத்துக. பிழையான நேரங் காட்டும் பதிவு வேண்டிய வேளையில் ஐயத்திற்கு இடமாகும். பின்னர் அதற்கு மாறாத வீட்டுமுகவரியொன்றை வழங்குக. பெரும்பாலான கமராக்கள் பெரும்படம், சிறுபடம் என இரண்டு ஓட்டங்களை ஒருங்கே அளிக்கும். பதிவுக்குரிய பெரும்படத்தை எச்.265 இல் வைப்பினும், நேரிற் காண்பதற்குரிய சிறுபடத்தை எச்.264 இலேயே வைக்க. எச்.265 இடத்தை மிச்சம்பிடிக்கும். ஆயின் அதனைக் காட்டும் ஆற்றல் உலாவிக்கு உலாவியும், கணினிக்குக் கணினியும் வேறுபடும். எச்.264 ஏறக்குறைய எங்குந் தெரியும். அன்றியும் வினாடிக்கு 2 மெகாபிட்டுள்ள ஓட்டம் ஒரு மணி நேரத்தில் 900 மெகாபைற்றையும், அரை மெகாபிட்டுள்ள ஓட்டம் 225 மெகாபைற்றையும் செலவிடும். அளந்து விற்கும் இணைப்புள்ள வீடுகளுக்கு இது சிறு வேறுபாடன்று.

தொலைவிலிருந்து காண்பதற்காக ரவுட்டரின் வாயிலைக் கமராவுக்கு நேரே திறந்துவிடுதல் பழைய வழக்கம். இஃது அபாயமானது, உலகிலுள்ள எவரும் அவ்வாயிலைத் தட்டிப் பார்க்கலாம். மேலும், ஒரே பொதுமுகவரியைப் பலர்க்குப் பகிர்ந்தளிக்கும் இணைப்புக்களில் இம்முறை பயன்படுவதுமில்லை. வி.பி.என் என்னும் மறைவழியை அமைத்துக்கொள்ளுதல் சிறந்தது. அது கடினமாயின், தொடர்ந்து திருத்தம் பெறும் செயலியை, இருபடிச் சரிபார்ப்புடன் பயன்படுத்துக. எவ்வழியைக் கொள்ளினும், ஊரிலுள்ளவர் நாடு திரும்பு முன், காணவிருக்கும் ஒவ்வொருவரும் தத்தம் கருவியில், வீட்டுக்கு வெளியேயுள்ள இணைப்பிலிருந்து, ஒருமுறை கண்டு உறுதிப்படுத்துதல் இன்றியமையாதது. வீட்டு வலையமைப்பினுள்ளே தெரிவது வெளியிலுந் தெரியுமென்பதற்கு உறுதியில்லை.

பதிவு பற்றியும் ஒரு கணக்கை மனத்திற் கொள்க. வினாடிக்கு 2 மெகாபிட்டு வீதம் இடைவிடாது பதியுங் கமரா ஒன்று, நாளொன்றுக்கு 21.6 கிகாபைற்று இடங் கொள்ளும். நான்கு கமராக்கள் 86.4 கிகாபைற்றுக் கொள்ளும். எனவே 1,000 கிகாபைற்றுள்ள தட்டு பதினொரு நாள்களுக்கே போதும். பின்னர் பழையன அழிந்து புதியன பதியப்படும். வீட்டுக்காரர் களவைப் பன்னிரண்டாம் நாளில் அறிவாராயின் பதிவினாற் பயனில்லை. மின்சாரம் நின்ற வேளையிலும் இயங்குதற்குக் கமராவுக்கும் பதிவுக் கருவிக்கும் மாத்திரமன்றி ரவுட்டருக்கும் யு.பி.எஸ் வைத்தல் வேண்டும். பதிவுக் கருவிகள் சில, தம் நிறுவனத்தார் தரும் நிரலில் மாத்திரந் திறக்கக்கூடிய கோப்பையே வெளியிடும். வேண்டிய பகுதியைப் பொதுவழக்கான எம்.பி.4 வடிவில் எடுத்து, வேறொரு கணினியில் ஓடவிட்டுப் பார்த்துக்கொள்க. அதனைச் செய்யும் முறையை வீட்டிலிருப்பவர் ஒருவரேனும் அறிந்து, தமிழில் எழுதி, கருவியின் அருகே வைத்திருத்தல் நன்று. இரவு பதினொரு மணிக்கு அயலவர் படலையில் வந்து நிற்கும்போது, மெல்பேணில் உள்ள மகன் உறங்கிக்கொண்டிருத்தல் கூடும்.

இறுதியாக, விழியின் எல்லையைப் பற்றி ஒரு சொல். அயல்வீட்டுக் கிணற்றடியும் முற்றமும் நம் கமராவில் விழாதிருத்தல் வேண்டும். விழுமாயின் அப்பகுதியை மறைக்கும் வசதி பெரும்பாலான கமராக்களில் உண்டு. வீட்டினுள்ளே வைப்பதாயின், அங்கு வாழும் பெற்றோரின் இணக்கத்தை முதலிற் பெறுக. பிள்ளைகளின் அன்பினால் வைக்கப்படினும், இருபத்துநான்கு மணி நேரமும் பார்க்கப்படுதல் முதியோர்க்குப் பாரமாகலாம். எங்கே பார்ப்பது, எவர் பார்ப்பது, எப்போது நிறுத்துவது என்பவற்றை அவர்களே தீர்மானிக்க விடுதல் முறையாகும்.

கமரா ஒருமுறை பொருத்தி மறக்கும் பொருளன்று. உலாவியும் இயங்குதளமும் நம்மைக் கேளாமலே மாறிக்கொண்டிருப்பன. ஆறு திங்களுக்கு ஒருமுறை, எல்லாக் கருவிகளிலும் படத்தைக் கண்டு, ஒரு பதிவை எடுத்து ஓடவிட்டு, உள்நிரலைப் புதுப்பித்துக்கொள்ளும் வீட்டில் அவ்விழி திறந்தேயிருக்கும். இவ்வேலை ஒரு மணி நேரத்திற்கு மேற்படாது. விடுமுறைக்கு ஊர் வரும் பழைய மாணவரும், அயலிலுள்ள முதியோர்க்கு உதவ விரும்பும் இளைய மாணவரும் இதனைத் தம் கடனாக மேற்கொள்வாராயின், தனித்திருக்கும் பெற்றோர் பலர் மனவமைதியுடன் உறங்குவர்.