உங்களுக்குத் தெரியுமா? ஆதாமின் பாவம் யார் தலையில்?

● அப்பன் புளித்த திராட்சையைத் தின்றால் பிள்ளைக்குப் பல் கூசுமா? கூசும் என்று பழைய இஸ்ரவேலரிடம் ஒரு பழமொழி இருந்தது. முன்னோர் செய்த தப்புக்கு நாம் அனுபவிக்கிறோம் என்ற மனக்குறைதான் அதன் பொருள். பாபிலோனுக்கு நாடுகடத்தப்பட்டவர்களில் ஒருவரான எசேக்கியேல் தீர்க்கதரிசி, இனி அதைச் சொல்லவே கூடாது என்றார். அவர் பெயரிலுள்ள நூலின் 18ஆம் அதிகாரம் முழுக்க இந்த ஒரே வழக்குதான். நல்ல தகப்பன், கெட்ட மகன், நல்ல பேரன் என மூன்று தலைமுறையை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவரையும் தனித்தனியே விசாரிக்கிறார். தகப்பனின் நன்மை மகனைக் காப்பாற்றவில்லை. மகனின் குற்றம் பேரன்மேல் ஒட்டவில்லை. தனிமனிதப் பொறுப்பை இவ்வளவு விரிவாகப் பேசும் இடம் பைபிளில் வேறில்லை என்பேன்.

● யூதாவின் அரசன் அமத்சியா, தன் தந்தையைக் கொன்றவர்களுக்கு மரண தண்டனை கொடுத்தான். அவர்கள் பிள்ளைகளை விட்டுவிட்டான். பெற்றோர் குற்றத்துக்குப் பிள்ளைகளைக் கொல்லக் கூடாது என்ற மோசேயின் சட்டமே காரணம். ஆனால், ஆகான் என்பவன் திருடியதற்கு அவன் மகன்களும் மகள்களும் சேர்ந்து மாண்ட கதையும் அதே பழைய ஏற்பாட்டில் உண்டு.

● பிறவியிலேயே பார்வையற்ற ஒருவரைக் கண்ட சீடர்கள், இது இவர் செய்த பாவமா, பெற்றோர் செய்த பாவமா என்று இயேசுவைக் கேட்டார்கள். இரண்டுமில்லை என்றார் அவர்.

● சென்மப் பாவம் என்ற போதனைக்கு மேற்குலகில் உறுதியான வடிவம் கொடுத்தவர் அகஸ்டின் (354–430). இன்றைய அல்ஜீரியாவிலுள்ள ஹிப்போவின் ஆயர். முதல் மனிதன் ஆதாமின் குற்றம் பிறக்கும் குழந்தையிடமும் இருக்கிறது என்றார். மனிதன் தன் செயலுக்கு மட்டுமே பொறுப்பு என்று வாதிட்ட பெலாஜியஸின் கருத்தை 418இல் கார்த்தேஜ் சங்கம் கண்டித்தது. அந்தப் பாவத்தைக் கழுவும் ஞானஸ்நானம் பெறாமல் இறக்கும் சிசுவுக்கும் தண்டனை உண்டு, மிக மெல்லிய தண்டனை என்பது அகஸ்டினின் முடிவு. நீதியுள்ள கடவுள் பச்சைக் குழந்தையைத் தண்டிப்பாரா என்று எக்லானம் ஆயர் ஜூலியன் விடாமல் கேட்டார். அவருக்கு எழுதிக்கொண்டிருந்த மறுப்பு நூலை முடிக்காமலேயே அகஸ்டின் இறந்தார். ஜூலியனின் அந்தக் கேள்வி இன்றும் என்னை விடுவதில்லை.

● கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைகள் இதில் வேறு வழி. ஆதாமிடமிருந்து நமக்கு வந்தது மரணமும் பலவீனமும். அவர் செய்த குற்றம் வரவில்லை என்பது அவர்கள் போதனை.

● விசுவாசம் அவரவர் தாமே எடுக்க வேண்டிய முடிவு, ஆகவே குழந்தைக்கு ஞானஸ்நானம் செல்லாது என்று சொல்லி, பெரியவர்களுக்கு மறுபடி ஞானஸ்நானம் கொடுத்தார் ஃபீலிக்ஸ் மான்ஸ். அதற்காக, புராட்டஸ்டண்ட் நகரமான சூரிச்சின் அரசு 1527 ஜனவரி 5 அன்று அவரை லிம்மாட் ஆற்றில் மூழ்கடித்துக் கொன்றது.

● மார்மன் சபையில் ஞானஸ்நானத்துக்குக் குறைந்தபட்ச வயது 8. அதற்குமுன் குழந்தையிடம் கணக்குக் கேட்க ஒன்றுமில்லை என்பது அவர்கள் நம்பிக்கை.

● பரம்பரைக் குற்றம் என்ற எண்ணம் இழைத்த மிகப் பெரிய கொடுமை யூதர்களுக்கு நேர்ந்தது. இயேசுவைக் கொன்றவர்கள் என்ற பழியைச் சுமத்தி, அந்தச் சம்பவத்துக்கு நூற்றாண்டுகள் பின்னால் பிறந்தவர்களை அடித்தார்கள், விரட்டினார்கள், கொன்றார்கள். ஆதாமைப் பற்றிய போதனையும் இதுவும் ஒன்றல்ல. ஆனாலும் பிறப்பையே குற்றமாக்கும் மனம் இரண்டு இடத்திலும் தெரிகிறது. இயேசுவின் சாவில் பாவம் செய்யும் கிறிஸ்தவர்களுக்கே கூடுதல் பங்கு என்று 1566ஆம் ஆண்டின் கத்தோலிக்க மறைக்கல்வி நூலே எழுதியிருந்தும் பழி நிற்கவில்லை. அன்றைய யூதர் எல்லார்மீதும், இன்றைய யூதர்மீதும் அந்தக் குற்றத்தைச் சுமத்த முடியாது என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் அறிவித்த நாள் 1965 அக்டோபர் 28. எவ்வளவு தாமதம்!

● அயர்லாந்தில் ‘கில்லீன்’ எனப்படும் சிறு புதைகாடுகள் ஆயிரத்துக்கும் மேல் உண்டு. ஞானஸ்நானம் பெறுமுன் இறந்த சிசுக்களுக்குச் சபையின் கல்லறைத் தோட்டத்தில் இடமில்லை. ஆகவே வயல் எல்லையிலும் பாழடைந்த கோட்டையோரத்திலும் கடற்கரையிலும் புதைத்தார்கள். பெரும்பாலும் இருட்டிய பிறகு. பெயர் பொறித்த கல்லும் கிடையாது. 20ஆம் நூற்றாண்டிலும் இந்த வழக்கம் தொடர்ந்தது. 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டமும் அந்தக் குழந்தைகளுக்கு அடக்கச் சடங்கை மறுத்தது. 1983இல் வந்த புதிய சட்டம், ஞானஸ்நானம் கொடுக்க எண்ணியிருந்த பெற்றோரின் குழந்தைக்கு ஆயர் அனுமதியுடன் சடங்கு நடத்தலாம் என்கிறது. சென்மப் பாவம் ஆதாமின் சந்ததியாருக்குத் தனிப்பட்ட குற்றமாகாது என்று 1992ஆம் ஆண்டு மறைக்கல்வி நூல் விளக்கியது. அத்தகைய குழந்தைகள் மீட்படைவார்கள் என்று நம்ப வலுவான காரணங்கள் உண்டு என 2007இல் வத்திக்கானின் இறையியல் ஆணைக்குழு எழுதியது. ஞானஸ்நானத்துக்குமுன் குழந்தையைப் பறிகொடுத்து, அதன் கதி என்னவோ என்ற பயத்தை இன்னும் சுமக்கும் தாய் யாரேனும் உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், தயவுசெய்து இதை அவரிடம் சொல்லுங்கள்.